புரை ஆபரேஷனும் கருவிழி மாற்றும் ஒரே நாளில்: பத்து வருஷம் கழித்து அந்தக் கண் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 62. பல வருஷத்துக்கு முன்பு கரும்புத் தோகை கிழித்து வலது கண்ணில் புண் வந்து, ஆறி, கருவிழியில் வெள்ளைத் தழும்பாகப் பூ விழுந்துவிட்டது. இப்போது அதே கண்ணில் புரையும் முற்றியிருக்கிறது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், கருவிழியை மாற்றி, புரையை எடுத்து, லென்ஸ் வைப்பது எல்லாவற்றையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம் என்கிறார். இடது கண்ணிலும் புரை ஆரம்பம். "சேர்த்துச் செய்வதா, தனித்தனியாகவா? எத்தனை வருஷம் தாங்கும்? கெட்டுப்போனால் அப்புறம் என்ன வழி?"

கருவிழி மாற்றியவர்கள் செக்கப்புக்கு வரும்போது அவர்களைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் நேராகவே சொல்கிறேன். சேர்த்துச் செய்வதா பிரித்துச் செய்வதா என்பது பத்து வருஷக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. அது மாற்றுவது கண்ணாடி பவரையும், அம்மா எத்தனை மாதம் மங்கலோடு காலம் தள்ள வேண்டும் என்பதையும்தான். அந்தக் கண் பத்து வருஷம் தெளிவாக இருக்குமா என்பது, பூ எதனால் விழுந்தது, ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது என்ற இரண்டில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். கண்ணையே மாற்றுவார்கள் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மாற்றுவது முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில் நடுவே ஒரு வட்டம் மட்டும். விட்டம் 8 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், கனம் அரை மில்லிமீட்டர்தான். பூ விழுந்த வட்டத்தை எடுத்ததும் கண் திறந்து கிடக்கும். அந்தத் திறப்பு வழியாகவே புரையை எடுத்து, செயற்கை லென்ஸை வைத்து, மேலே தானமாக வந்த கருவிழியை வைத்துத் தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலால் சுற்றித் தைப்பார்கள். பெரும்பாலும் 16 தையல். பூ அடர்த்தி குறைவாக இருந்து உள்ளே தெரிந்தால், கண்ணைத் திறக்காமலே வழக்கமான முறையில் புரையை எடுத்துவிட்டு அப்புறம் கருவிழிக்குப் போவதும் உண்டு. டாக்டர்களுக்கு அதுதான் நிம்மதி. ஏனென்றால் கண் திறந்து கிடக்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் இந்த ஆபரேஷனிலேயே பயமான கட்டம். பின்பக்கத்திலிருந்து அழுத்தம் ஏறினால் உள்ளே இருப்பது வெளியே தள்ளும். அபூர்வமாக உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டுக் கண்ணே போய்விடும். இருமல், பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன்னால் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். அம்மாவுக்கு இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகுமே என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது சேர்த்தா, பிரித்தா என்ற விஷயம்.

புரைக்கு வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்குப் போட, கருவிழியின் வளைவு தெரிய வேண்டும். கண்ணின் மொத்த பவர் சுமார் 60. அதில் 43 வாக்கில் கருவிழியே தருகிறது. ஆனால் சேர்த்துச் செய்யும்போது பழைய கருவிழி போகப்போகிறது, புதியது இன்னும் வரவில்லை. எதை அளப்பது? அடுத்த கண்ணின் அளவையோ, அந்த டாக்டர் முன்பு செய்த கேஸ்களின் சராசரியையோ வைத்து ஒரு மதிப்பீடாகத்தான் லென்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தையல் எல்லாம் பிரித்து ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், சிலருக்குப் பவர் கச்சிதமாக அமைந்திருக்கும். சிலருக்கு மூன்று நான்கு பவர் தள்ளி நிற்கும். கருவிழி தெளிவு, லென்ஸ் தெளிவு, ஆனால் கண்ணாடி தடிமன். "எல்லாம் நல்லா வந்திருக்குன்னு டாக்டர் சொல்றார், எனக்குத் தெரியலையே" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

பிரித்துச் செய்தால் முதலில் கருவிழி, தையல் பிரித்து வளைவு நிலைத்த பிறகு அளந்து, அப்புறம் புரை. பவர் நன்றாகவே அமையும். வளைவு எல்லாப் பக்கமும் சீராக இல்லாததால் வரும் கோணல் பவர் இருந்தால் அதைச் சரிசெய்கிற லென்ஸும் வைக்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. உடம்பு புதுக் கருவிழியை எதிர்க்காமல் இருக்க, கருவிழி மாற்றியவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து மாதக்கணக்கில் போகும். அது இருக்கிற புரையை இன்னும் வேகமாக முற்ற வைக்கும். ஆக இடைப்பட்ட ஒன்றரை வருஷமும் பார்வை மங்கல்தான். அதோடு, புதுக் கருவிழிக்குக் கீழே இன்னொரு முறை கருவி நுழைந்தால் அதன் உள்செல்களில் கொஞ்சம் சாகும். அந்தச் செல்கள் எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

62 வயது, புரை ஏற்கெனவே முற்றியிருக்கிறது என்றால், சேர்த்துச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னது நியாயமான யோசனைதான். 40 வயதில் லேசான புரை என்றால் நான் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவசரப்படாமல் கடைசிப் பத்தியையும் படியுங்கள். இடது கண்ணைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இந்தக் கணக்கை மாற்றலாம்.

எத்தனை வருஷம் தாங்கும்? ஆளாளுக்கு ஒரு சதவீதம் சொல்வார்கள். இரண்டு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் கருவிழி தானம் பற்றி நடந்த பெரிய ஆய்வு ஒன்று. 5 வருஷத்தில் 86 சதவீதக் கருவிழிகள் தாங்கின. 10 வருஷத்தில் தானம் தந்தவரின் வயது 65 வரை என்றால் 77 சதவீதம், 66 முதல் 75 என்றால் 71 சதவீதம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 1997ல் வெளியிட்ட கணக்கில், எல்லா வகைக் கேஸ்களையும் சேர்த்து 5 வருஷத்தில் தாங்கியது 46 சதவீதம்தான். கேட்டதும் நம் டாக்டர்கள் மட்டமா என்று தோன்றும். இல்லை. அதே ஹைதராபாத் கணக்கில், கருவிழி கூம்பு போலத் துருத்துகிற நோய்க்காக மாற்றியவர்களை மட்டும் எடுத்தால் 5 வருஷத்தில் 95 சதவீதம் தாங்கியிருக்கிறது. மருத்துவமனை ஒன்றுதான், வந்த நோய்தான் வேறு. அமெரிக்க ஆய்வில் சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஃபுக்ஸ் என்ற நோயால் உள்செல் குறைந்தவர்கள், புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழி வீங்கியவர்கள். அவர்கள் கண்ணில் புண்ணோ ரத்தக்குழாயோ பெரும்பாலும் இருக்காது. நம்மிடம் வருவதோ கழனியில் அடிபட்டு, காளான் புண் வந்து, ஓட்டை விழுந்து ஆறிய கண்கள், ஏற்கெனவே ஒரு முறை மாற்றித் தோற்ற கண்கள்.

உங்கள் அம்மாவின் கண் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று தெரிய டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். பூவுக்குள் ரத்தக்குழாய் ஓடியிருக்கிறதா, எத்தனை பக்கத்திலிருந்து? ரத்தக்குழாய் உள்ள கருவிழியில் உடம்பு புதுக் கருவிழியை அடையாளம் கண்டு எதிர்ப்பது அதிகம். கருவிழித் திரை, அதாவது பாப்பாவைச் சுற்றிய கருவளையம், பூவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கண் பிரஷர் எவ்வளவு? ஸ்கேனில் விழித்திரை எப்படி இருக்கிறது? டார்ச்சை எந்தப் பக்கம் அடித்தாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவால் சரியாகச் சொல்ல முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கருவிழியும் லென்ஸும் புதிதாக வந்தாலும் பின்னால் நரம்பு கெட்டிருந்தால் பார்வை வராது. இன்னொன்றும் உண்டு. புண் வந்தது தோகையால்தானா, ஹெர்பீஸ் வைரஸால் வந்து தோகை மேல் பழி விழுந்ததா? ஹெர்பீஸ் என்றால் புதுக் கருவிழியிலும் திரும்ப வரலாம். அதற்குத் தனியாக மாத்திரை நீண்ட நாள் தர வேண்டும்.

இன்னொரு வழியும் கேட்டுப் பாருங்கள். பூ மேலடுக்கில் மட்டும் இருந்து உள்செல்கள் நன்றாக இருந்தால், முழுக் கனத்தையும் மாற்றாமல் மேல் அடுக்கை மட்டும் மாற்றலாம். உள்செல் அடுக்கு அம்மாவுடையதாகவே இருக்கும். அந்த அடுக்கை உடம்பு எதிர்க்கும் என்ற பேச்சே இல்லை. நீண்ட கால நோக்கில் இது பெரிய லாபம். ஓட்டை விழுந்து ஆறிய கண் என்றால் இது பெரும்பாலும் நடக்காது. உள்செல் மட்டும் கெட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாக உள்ளடுக்கை மட்டும் மாற்றுகிற முறை இருக்கிறது. அதோடு புரையையும் சேர்த்துச் செய்வது இப்போது சர்வசாதாரணம். தையல் தொல்லை மிகக் குறைவு, எதிர்ப்பு குறைவு, பவரும் பெரிதாகத் தள்ளாது. ஆனால் பூ விழுந்த கண்ணுக்கு அது பயன்படாது. தெரிந்தவருக்கு ஒரே மாதத்தில் பார்வை வந்ததே என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அந்த வகை ஆபரேஷனாக இருக்கும். ஒப்பிட்டு அம்மாவை வருத்தப்பட வைக்காதீர்கள்.

உள்செல்களுக்கு வருவோம். கருவிழியின் அடிப்பக்கத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. ஊறி வரும் தண்ணீரை இரவு பகலாக வெளியே இறைப்பதுதான் அவற்றின் வேலை. வளர்ந்தவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2500 இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது. 500க்குக் கீழே போனால் இறைக்க ஆள் போதாமல் கருவிழி ஊறி வெளுக்க ஆரம்பிக்கும். நம் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இவை குறைகின்றன. மாற்றிய கருவிழியில் அப்படி இல்லை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, தெளிவாகத் தாங்கிய கருவிழிகளில்கூட 10 வருஷத்தில் முக்கால்வாசிச் செல்கள் போயிருந்தன. அதனால் எதிர்ப்பே வராமல், புண்ணே வராமல், ஒழுங்காக மருந்து போட்டும்கூட 10, 15 வருஷத்தில் சில கருவிழிகள் மெல்ல மங்கும். இதில் யார் தப்பும் இல்லை. இதன் முதல் அறிகுறி, காலையில் எழுந்ததும் புகை மூட்டமாக இருந்து மதியத்துக்குள் தெளிவது. தூங்கும்போது கண் மூடியிருப்பதால் தண்ணீர் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது.

வீட்டில் ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டர் எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கே, ஒரே இடத்தில் நின்று, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, தேதி தெரிகிறதா, கீழே நல்ல நேரம் தெரிகிறதா என்று அம்மா தினமும் காலையில் பார்க்கட்டும். நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றாலோ, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், வலி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, அன்றைக்கே கிளம்புங்கள். உடம்பு புதுக் கருவிழியை எதிர்க்கத் தொடங்கும்போது இப்படித்தான் காட்டும். முதல் ஓரிரு நாளில் வந்துவிட்டால், மணிக்கு ஒரு தரம் ஸ்டீராய்டு சொட்டு போட்டு பெரும்பாலான கருவிழிகளை மீட்டுவிடலாம். "தைப்பூசம் முடியட்டும்னு இருந்தோம்" என்று இரண்டு வாரம் கழித்து வந்தால் செல்கள் போய்விட்டிருக்கும். நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்குத் தூரம் ஒரு சாக்கே இல்லை. கடலூர் போய் புதுச்சேரி பஸ் ஏறினால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே ஆபரேஷன் செய்தாலும், ஆபத்துக்கு உடனே போகக்கூடிய இடம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துச் செய்வதில் வெளியே தெரியாத ஒரு லாபம் இங்கே இருக்கிறது. சொந்த லென்ஸ் இருக்கிறவர்களுக்கு ஸ்டீராய்டை நீட்டினால் புரை வருமே என்ற பயத்தில் சீக்கிரம் நிறுத்தப் பார்ப்போம். புரையை எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. தினம் ஒரு சொட்டு என்று வருஷக்கணக்கில் தொடரலாம். கண் பிரஷரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அந்த 'மட்டும்' சின்ன விஷயம் இல்லை. ஸ்டீராய்டால் சிலருக்குப் பிரஷர் ஏறும், வலியே தெரியாது. கருவிழி தெளிவாக இருந்தும் நரம்பு செத்து பார்வை போனவர்கள் உண்டு. அதனால் மருந்து தீர்ந்தால் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. நாமாக நிறுத்தவும் கூடாது.

தையலைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. மாற்றிய கருவிழியில் நரம்பு அறுபட்டிருப்பதால் தையல் தளர்ந்தாலும் அம்மாவுக்கு வலிக்காமல் போகலாம். விளக்குக் கருவியில் பார்த்தால் தெரியும்: பதினாறில் பதினைந்து நூல் மேல்படலத்துக்குள் பதிந்திருக்கும். ஒன்று மட்டும் மேலே எழும்பி, அதன் நுனியில் வெள்ளையாகச் சளி ஒரு கடுகளவு ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை நோக்கி ஓடிவந்திருக்கும். அந்த ஒரு நூல் வழியாகக் கிருமி நுழைந்து, ஒரே வாரத்தில் கருவிழி போய்விடலாம். எதிர்ப்பும் அங்கிருந்தே தொடங்கும். தளர்ந்த நூலை எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் அதற்கு வர வேண்டுமே! கண் உறுத்தவில்லை, நன்றாகத் தெரிகிறது என்று மூன்றாம் மாதச் செக்கப்பை விடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாத் தையலும் பிரிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் பவர் மாறும். ஆகவே முதல் வருஷத்தில் விலை கூடிய கண்ணாடி போடாதீர்கள். கடைசியில் கோணல் பவர் நிறைய மிஞ்சினால், கண்ணாடியை விடக் கடினவகை காண்டாக்ட் லென்ஸில் பார்வை எவ்வளவோ தெளிவாக இருக்கும். 62 வயதில் அதைப் போட்டுக் கழற்றப் பழகுவது கஷ்டம்தான். ஆனாலும் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பார்வை மெல்ல மங்கினால், கருவிழி போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புரை எடுத்தபோது லென்ஸுக்குப் பின்னால் விட்டுவைத்த மெல்லிய உறை வெளுத்திருக்கலாம். லேசரில் அன்றைக்கே சரியாகிவிடும்.

முழுக் கனத்துக்கும் மாற்றியிருந்தால், தைத்த வட்டம் பழைய பலத்துக்கு ஒருபோதும் வராது. பத்து, இருபது வருஷம் கழித்து அடிபட்டு அதே வளையத்தில் பிளந்த கண்கள் உண்டு. மாட்டுக் கொம்பு, விறகு, பேரப்பிள்ளையின் முழங்கை, எதுவும் போதும். கரும்புக் கொல்லைக்கோ பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கோ போனால் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பவர் இல்லாவிட்டாலும் போட வேண்டும். செவ்வாய் வெள்ளி எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதை டாக்டர் சொல்லும் வரை நிறுத்தி வையுங்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் அந்தக் கண்ணின் பக்கமே போகக் கூடாது. பக்கத்து வீட்டு ஆயா எவ்வளவு பிரியமாகச் சொன்னாலும் சரி.

கெட்டுப்போனால் என்ன? மறுபடி மாற்றலாம். இரண்டாவது கருவிழி முதலாவதை விடக் குறைந்த காலமே தாங்கும் என்பது உண்மை. ஆனால் வளைவு நன்றாக அமைந்து, செல்கள் தீர்ந்து மங்கியது மட்டும்தான் பிரச்சினை என்றால், முழுவதையும் எடுக்காமல் அடியில் புது உள்ளடுக்கை மட்டும் ஒட்டலாம். முதல் தடவை போல ஒன்றரை வருஷம் தையல் காலம் கிடையாது. லென்ஸும் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் வேலை சுலபம்.

இனி இடது கண். அதில் பூ இல்லை, வெறும் புரைதான் என்றால், அதை முதலில் செய்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரணப் புரை ஆபரேஷன், சில வாரங்களில் பார்வை நிலைத்துவிடும். ஒரு கண் நன்றாகத் தெரிந்துவிட்டால், வலது கண்ணுக்கு அவசரம் இல்லை. தானக் கருவிழி வரும் வரை பதற்றமில்லாமல் காத்திருக்கலாம். டாக்டர் விரும்பினால் பிரித்துச் செய்து பவரையும் சரியாக அமைக்கலாம். இடது கண் இன்னும் நன்றாகவே தெரிகிறது, புரை பேருக்குத்தான் என்றால் அதைத் தொட வேண்டாம். வலது கண்ணில் சேர்த்தே முடித்துவிடலாம். எப்படியானாலும் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் மூன்றுக்கு மேல் போனால் ஒரே கண்ணாடியில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சிரமம். எந்தக் கண்ணுக்கு முதலில் லென்ஸ் வைத்தாலும், "அடுத்த கண்ணுக்கு எந்தப் பவர் வருமாறு திட்டம்?" என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது ஆபரேஷனை வேறு டாக்டர் செய்ய நேர்ந்தால் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்.